ஆளில்லாத பாதைகள்

அன்புள்ள ஐயா,

குவாதலஹாராவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மெக்ஸிகோவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வார இறுதிகளில் இங்குள்ள சாலைகளையும் பாதைகளையும் வழிகாட்டிப் பலகைகளையும் படமெடுத்து வருகிறேன். பன்னிரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். யாரும் குறுக்கே வராத நேரம் பார்த்து, பெரும்பாலும் விடியற்காலையில் எடுத்தவை. இவற்றை வண்ணத்திலேயே வைப்பதா, கருப்பு வெள்ளையாக மாற்றுவதா? 35 எம்எம் லென்ஸ் போதுமா? கண்காட்சி வைக்கும் தகுதி இவற்றுக்கு உண்டா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே யாரிடமாவது வழி கேட்டால் தெரியாது என்று சொல்வதில்லை, தப்பான வழியையாவது சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இப்போது நான் யாரையும் கேட்பதில்லை. கூகுள் மேப்பே போதும்.

கா.

அன்புள்ள கா.,

உங்கள் படங்களை மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒளி அழகாக விழுந்திருக்கிறது. நீலக் கற்றாழை வயல்களுக்கு நடுவே போகும் அந்த ஐந்தாவது படத்தில் உங்கள் பொறுமை தெரிகிறது. ஊரை விட்டு அவ்வளவு தூரத்தில், ஓய்வு நாளிலும் இருட்டோடு எழுந்து கிளம்பும் பிள்ளையை நினைத்தால் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு படத்தில் ஓர் ஆள்கூட இல்லை. ஒரு நாய்கூட இல்லை. 'யாரும் குறுக்கே வராத நேரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். குறுக்கே வருகிறவர் யார்? அது அவர்கள் நடக்கிற பாதை. அங்கே குறுக்கே நிற்பது நீங்கள்தான்.

லென்ஸ் எதுவானாலும் சரி. கண்காட்சியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

மெக்ஸிகோவில் பாதையை எப்படி வரைந்தார்கள் தெரியுமா? போதுரினி சுவடி என்று ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அத்திமரப் பட்டைக் காகிதத்தில் வரைந்தது. மூலம் மெக்ஸிகோ நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது, நான் பார்த்தது நகல். மெஷிகா மக்கள், நாம் ஆஸ்டெக் என்று சொல்கிறவர்கள், அஸ்த்லான் என்ற தீவிலிருந்து கிளம்பி ஊர் ஊராக அலைந்த கதை அது. முதல் பக்கத்தில் ஒருவர் படகைச் செலுத்திக்கொண்டு தண்ணீரைக் கடக்கிறார். கரை ஏறியதும் காலடித் தடங்கள் ஆரம்பிக்கின்றன. பிறகு மடிப்பு மடிப்பாக அந்தத் தடங்கள்தான் போய்க்கொண்டே இருக்கின்றன. சாலைக்கு ஓரக்கோடு கிடையாது, தரை கிடையாது. வேறு சில சுவடிகளில் இரண்டு கோடு போட்டுச் சாலையைக் காட்டுவார்கள், அங்கும் நடுவில் காலடிகள் இருக்கும். கால் பட்டால்தான் அது பாதை என்று அந்த ஓவியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள், கா.! அவசரமாக வரைந்த விரல்கள் இல்லை அவை. வண்ணமா, கருப்பு வெள்ளையா என்று கேட்டீர்கள். அந்தச் சுவடி முழுக்கக் கருப்பு மை. ஆண்டுக் குறிகளை இணைக்கும் கோடு மட்டும் சிவப்பு.

அடுத்து உங்கள் சாலைகளைப் பற்றி. பன்னிரண்டில் ஏழு படங்கள் சுங்கச் சாலையில் எடுத்தவை. அந்த நாட்டில் ஒரே ஊருக்கு இரண்டு வழி போட்டுப் பலகை வைத்திருப்பார்கள்: ஒன்று 'கூவோத்தா', கட்டணம் உண்டு. மற்றது 'லீப்ரே', கட்டணம் இல்லை. குவாதலஹாராவிலிருந்து தெக்கீலாவுக்குப் போகவும் இரண்டும் இருக்கின்றன. கூவோத்தா ஊர்களை விட்டு விலகி ஓடுகிறது. லீப்ரே எல் அரெனால், அமாதித்தான் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆள் வரக் கூடாது என்று போட்ட சாலையில் நின்றுகொண்டு, ஆள் வராததை உங்கள் பொறுமையின் பலனாக நினைத்துக்கொள்கிறீர்கள். அடுத்த வாரம் லீப்ரேயில் போங்கள். ஊர் எல்லையில் 'தோப்பே' வரும், நம் வேகத்தடைதான், ஆனால் சில இடங்களில் வண்டியின் அடிவயிற்றைத் தட்டும் உயரம். வண்டி மெதுவாவதற்காகவே அங்கே கடலை, வெட்டிய பழம், தண்ணீர் பாட்டில் விற்பவர்கள் நிற்பார்கள். ஒரு தோப்பேயில் அரை நாள் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அரை நாளா என்று கேட்பீர்கள். மெக்ஸிகோவின் புகைப்படக் கலைஞர் மனுவேல் ஆல்வரெஸ் பிராவோ தன் இருட்டறையில் 'ஐ தியெம்போ', நேரம் இருக்கிறது, என்று எழுதி வைத்திருந்தாராம். 1902இல் பிறந்து 2002இல் இறந்தவர். அவரிடம் உதவியாளராக இருந்த கிராசியேலா இதுர்பிதே 1979இல் சொனோரா பாலைவனத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. செரி என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண் ஒருத்தி நமக்கு முதுகு காட்டி, பாறைச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். விரித்த கூந்தல், நீளப் பாவாடை, கையில் ஒரு டேப் ரெக்கார்டர். எதிரே கண்ணுக்கு எட்டியவரை வெட்டவெளி. அதில் சாலை இல்லை, பலகை இல்லை. ஆனால் அவள் எந்தத் திசைக்குப் போகிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வருவதில்லை. அவளை அழித்துவிட்டுப் பாருங்கள், கல்லும் வானமும்தான் மிஞ்சும்.

வழி கேட்பதைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னைக் கோபப்படுத்தியது. அந்தக் கோபத்துக்குக் காரணம் நீங்கள் மட்டும் இல்லை.

பல வருடங்களுக்கு முன் மெக்ஸிகோவின் தெற்கே வஹாக்கா பக்கம் போயிருந்தேன். தியோதித்லான் தெல் வாயே என்று நெசவாளர் ஊர். பேருந்து நெடுஞ்சாலைக் கூட்டுரோட்டிலேயே இறக்கிவிட்டது. ஒரு தறிக்காரர் வீட்டுக்கு வழி கேட்டேன். கூடையோடு நின்ற ஒரு அம்மா 'தெரேச்சோ, தெரேச்சோ' என்றார். தெரேச்சோ என்றால் நேராக, தெரேச்சா என்றால் வலதுபக்கம். எனக்கு அப்போது அந்த வித்தியாசம் தெரியாது. வலதுபக்கம் திரும்பி ஒரு சோளக் கொல்லைக்குள் போய்விட்டேன். பின்னாலிருந்து சத்தம் கேட்டது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் என் பின்னாலேயே வந்திருக்கிறார். திட்டவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் புழுதியில் கோடு போட்டார். ஒரு பெரிய கல்லை வைத்து 'இக்லேசியா' என்றார், தேவாலயம். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் வைத்தார். அதுதான் வீடு. என் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்று புருவத்தை உயர்த்தினார்.

என் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எழுந்து கூடையோடு நடந்து வளைவில் மறையும்வரை காத்திருந்தேன். பிறகு பாதையைப் படமெடுத்தேன். புழுதிப் பாதை, கள்ளிச்செடிகள், பின்னால் மலை. நல்ல படம் என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. அந்தக் குச்சி, கல், வெடித்த நகத்தோடு இருந்த அந்த விரல் எதுவும் அதில் இல்லை. உங்கள் கடிதத்தில் 'குறுக்கே வராத' என்ற வார்த்தையைப் படித்ததும் அந்த வளைவுதான் ஞாபகம் வந்தது.

தப்பான வழியே சொல்லட்டும். கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் ஒருவர் கையை நீட்டுகிறார் என்றால், நீட்டிய அந்தக் கை வேண்டாமா உங்களுக்கு? கேளுங்கள். தினமும் ஒருவரிடமாவது கேளுங்கள். வழி தெரிந்திருந்தாலும் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அந்தக் கையை எடுங்கள்.

நவம்பர் வருகிறது. முதல் தேதியும் இரண்டாம் தேதியும் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவதாக அங்கே நம்பும் நாட்கள். பல வீடுகளில் தெருவிலிருந்து வாசல் தாண்டி உள்ளே படையல்வரை செம்பாசூச்சில் பூவிதழ்களைத் தூவி வழி போட்டிருப்பார்கள். நம் துலுக்கச் சாமந்திதான், அதன் சொந்த மண் அதுதான். வந்து சேர வேண்டியவர் வழி தப்பக் கூடாதென்று, மஞ்சளாக, மணமாக. அந்தப் பாதையை மட்டும் ஆள் இல்லாமல் எடுக்கலாம். வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டு, இதழை மிதிக்காமல் ஓரமாக நின்று எடுங்கள். வண்ணத்திலேயே எடுங்கள். எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள்.