18 முடிவதற்குள் செய்ய வேண்டியவை: வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு வளர்ப்புத் தாய் கேட்கிறார்: “குழந்தைகள் நலக்குழு எங்களிடம் ஒப்படைத்த பையன். பெருமூளை வாதம், இடது கையும் காலும் இழுப்பு. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். ஆனி வந்தால் 18. பிறகு அவனுக்கு நாங்கள் யார்? அவனை என்ன படிக்க வைப்பது?”

அம்மா, எந்தப் படிப்பு என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அவன் காகிதங்களை ஒரு கோப்பில் சேருங்கள். தத்துக் கொடுக்காமல் ஒரு குடும்பத்திடம் பிள்ளையை வளர்க்க ஒப்படைக்கும் இந்த வளர்ப்புப் பராமரிப்பு, 18 ஆனதும் முடிகிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வரும் மாதம் 4,000 ரூபாயும் நின்றுவிடும். அதற்கு அப்புறம் கேட்கும் உதவி எல்லாம் அவன் பெயரில், அவன் கையெழுத்தில் கேட்பது.

18 தாண்டியவர்கள் சொந்தக் காலில் நிற்கும் வரை கிடைக்கும் உதவிக்குப் பிற்காப்பு என்று பெயர். சாதாரணமாக 21 வயது வரை, தவிர்க்க முடியாத நிலையில் 23 வரை நீட்டலாம். சிக்கல் எங்கே என்றால், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இதைக் குழந்தைகள் இல்லங்களிலிருந்து வெளியேறுகிற பிள்ளைகளுக்கு என்றுதான் சொல்கிறது. குடும்பத்தில் வளர்ந்த பிள்ளையை “உங்களுக்கு இது பொருந்தாது” என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. உங்களிடம் வருமுன் அவன் ஏதாவது இல்லத்தில் இருந்திருந்தால், அந்தச் சேர்க்கைப் பதிவின் நகலை இப்போதே வாங்கிவிடுங்கள். பிறந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பே குழந்தைகள் நலக்குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், பிற்காப்பில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டது கணக்கில் வராது. நம் செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. நீங்கள் இருப்பது சிவகங்கை. ஒப்படைப்பு உத்தரவு எந்த மாவட்டக் குழு போட்டது என்று பார்த்துவிட்டு அலையுங்கள்.

அடுத்தது இனிஷியல். இப்படிப்பட்ட பிள்ளைகளின் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இதில்தான். பள்ளியில் பெற்ற தகப்பனின் இனிஷியல், ஆதாரில் வளர்ப்புத் தகப்பனின் இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு ஆகாது, ஆகவே ஆசையில் உங்கள் இனிஷியலைச் சேர்க்காதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதுதான் மாற்றக் கடினமானது. மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துப் போகச் செய்யுங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய ஆதார் கைரேகைப் புதுப்பிப்பு விட்டுப் போயிருந்தால் அதையும் முடியுங்கள்.

மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டையில் இரண்டு இடத்தைப் பாருங்கள்: பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கிறதா, சான்று தற்காலிகமா நிரந்தரமா. அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருந்தால் 18-இல் மறுபடி மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். அந்தச் சான்று ஆயுளுக்கும் செல்லும். மருத்துவர் குழுவின் முன் பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். அங்கே டாக்டர் “சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வாயா தம்பி?” என்று அவனைத்தான் கேட்பார். நீங்கள் முந்திக்கொண்டு “அதெல்லாம் போட்டுக்குவான்” என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். ஒரு கையால் அவன் படும் பாட்டை அவரே பார்க்கட்டும்.

உங்களில் பலர் சட்டப்படிப் பாதுகாவலராக வேண்டும் என்று நினைக்கிறீர்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பாதுகாவலரை நியமிக்கிறது. விண்ணப்பிக்கும் உரிமை பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்புகளுக்கு. அந்தச் சட்டம் சொல்லும் உறவில் வளர்ப்புத் தாய் வரமாட்டார். ஆகவே பதிவு பெற்ற ஓர் அமைப்பு உங்கள் பெயரை முன்மொழிய வேண்டியிருக்கும். நியமனமானால் ஆறு மாதத்துக்குள் அவன் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். இந்தப் பையன் பிளஸ் டூ படிக்கிறான், சொன்னால் புரிந்துகொள்கிறான் என்றால் பாதுகாவலர் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. கை இழுப்பு என்பதற்காக அவன் முடிவெடுக்கும் உரிமையை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் மட்டும் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்.

இனிப் படிப்பு. பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரமும், தேவையானால் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம், அரசு வேலையில் 4 விழுக்காடு இடம் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்னால் நடக்கிறது. அட்டை கையில் இல்லாமல் அந்த நாளைத் தவறவிட்டால் அந்த ஆண்டு போயிற்று. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

ஊரில் வேலை இருக்கிறதே என்று ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையையோ கொட்டான் என்ற ஓலைக் கூடை பின்னுவதையோ சொல்வார்கள். ஒன்றில் ஈரச் சிமெண்டும் பாரமும், மற்றதில் இரண்டு கை விரல்களும் வேண்டும், இவனுக்கு ஒத்துவராது. ஒரு கையால் தட்டச்சு பழகினால் பி.காமும் டேலி என்ற கணக்கு மென்பொருளும், காரைக்குடிக் கடைகளின் கணக்கு வேலைக்கு நேர் வழி. பத்தாம் வகுப்புத் தகுதியில் குரூப் 4 தேர்வும் எழுதலாம். எந்தக் கல்லூரி என்றாலும் பணம் கட்டுமுன் அவனோடு ஒருநாள் போய் வாருங்கள்: வகுப்பு மாடியிலா, படிக்குக் கைப்பிடி உண்டா, அவன் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எத்தனை அடி தூரத்தில்? முதல் பருவத்திலேயே படிப்பை விடுகிற பிள்ளைகளில் பலருக்குப் பாடம் கஷ்டமாக இருந்திருக்காது. இதுதான் கஷ்டமாக இருந்திருக்கும்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசப் பேருந்துப் பயண அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். அது வருவதற்குள் காரைக்குடி பஸ்ஸில் அவனைத் தனியாக ஏறி இறங்கப் பழக்குங்கள். முதல் சில தடவை நீங்கள் பின் இருக்கையில் இருந்தால் போதும். சிறுவர் வங்கிக் கணக்கு 18 ஆனதும் புதுக் கையெழுத்து, அடையாளச் சான்று இல்லாமல் முடங்கிவிடும். பிறந்த நாள் முடிந்த வாரமே அவனைக் கிளைக்கு அழைத்துப் போய், வலது கையில் எது சீராக வருகிறதோ, கையெழுத்தோ கைரேகையோ, அதையே பதியச் சொல்லுங்கள்.