வெடித்த அனியூரிஸம்: காயில், ஸ்டென்ட் பற்றிச் சில கேள்விகள்

மூளை ரத்தக்குழாயில் அனியூரிஸம் வெடித்தவர்களின் வீட்டாரிடமிருந்து வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன். ஐசியூ வாசலில் அவசரமாகச் சொல்லப்படும் விஷயம் அந்த நேரத்துப் பதற்றத்தில் மனதில் தங்காது. தங்காததில் தவறும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேளுங்கள்.

அம்மாவுக்குத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்து மயங்கிவிட்டார். அனியூரிஸம் வெடித்திருக்கிறது, தொடை வழியாக காயில் வைக்க வேண்டும் என்கிறார்கள். மண்டையைத் திறக்காமல் மூளைக்குள் ரத்தக்கசிவை எப்படி நிறுத்துவார்கள்?

ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் சுவர் நலிந்து, சிறு பைபோலப் புடைத்து நிற்பதுதான் அனியூரிஸம். அது வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரில் ரத்தம் பரவுகிறது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது, வெடித்த இடத்தை ரத்தக்கட்டி ஒன்று தற்காலிகமாக அடைத்திருக்கும். அது நிலைக்கும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது. மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம். இரண்டாவது கசிவில் உயிர் பிழைப்பது முதல் கசிவைவிடக் கடினம். முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை செய்யத் துடிப்பது இதனால்தான்.

தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக கத்தீட்டர் என்னும் நீண்ட குழாயைச் செலுத்தி, அதனுள் இன்னும் மெல்லிய குழாயை எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே அனியூரிஸத்தின் உள்ளே கொண்டுபோவார்கள். அதன் வழியே மிக மெல்லிய பிளாட்டினம் சுருள்களை ஒவ்வொன்றாகச் செலுத்துவார்கள். இந்தச் சுருள்தான் காயில். பை முழுவதையும் உலோகத்தால் அடைப்பதில்லை. சுருள்கள் பிடிக்கும் இடம் பெரும்பாலும் பையின் கொள்ளளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி இடத்தில் ரத்தம் ஓட்டமில்லாமல் தேங்கி உறைந்துவிடும். சரியான இடத்தில் அமர்ந்தபின் மட்டும் கழற்றிவிடக்கூடிய சுருளை உருவாக்கியவர் கைடோ குக்லியெல்மி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் 1990இல் முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கனவே சிந்திய ரத்தத்தை காயில் எடுத்துவிடாது. அந்த ரத்தம் மூளைக்குச் செய்த சேதத்தையும் சரிசெய்யாது. மறுபடி கசியாமல் காப்பதுதான் அதன் வேலை. "காயில் வைத்தாயிற்றே, அம்மா ஏன் இன்னும் கண் திறக்கவில்லை?" என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்காமல் காயிலை மட்டும் வைத்தார்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பதுபோல இங்கும் வைத்தால் இன்னும் பலமாக இருக்காதா?

இப்படி நினைப்பவர்கள் பலர். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் அடைப்பைத் திறக்கிறது. இங்கே அதற்கு வேறு வேலை. வாய் குறுகிய பானைக்குள் போட்ட நூற்கண்டு வெளியே வராது. வாய் அகன்றிருந்தால் சரிந்து வந்துவிடும். அனியூரிஸத்தின் கழுத்து 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகன்றிருந்தால், சுருள் நழுவி, அனியூரிஸம் முளைத்திருக்கும் தாய்க்குழாயை அடைத்துவிடலாம். அதைத் தடுக்கக் கழுத்துக்குக் குறுக்கே வைக்கும் வலைதான் ஸ்டென்ட்.

அதற்கு ஒரு விலை உண்டு. ரத்தக்குழாயில் புதிதாக வைத்த உலோக வலையின்மேல் ரத்தம் உறைந்துவிடும். அதைத் தடுக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மருந்தும் தர வேண்டும். சில மணி நேரத்துக்கு முன் மூளையில் ரத்தம் கசிந்தவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தா? இந்தச் சங்கடம்தான் எங்களைத் தயங்க வைக்கிறது. மூளைக்குள் நீர் தேங்கினால் மண்டையில் துளையிட்டு வடிகுழாய் வைக்க நேரிடும். இந்த மருந்துகள் உடலில் இருக்கும்போது அந்தக் குழாய் வைத்த வழியிலேயே ரத்தம் கசியக்கூடும். அதனால் வடிகுழாய் தேவைப்படும் என்று தெரிந்தால், அதை முதலில் வைத்துவிட்டுப் பிறகே இந்த மருந்துகளைத் தொடங்க விரும்புவோம்.

காயில் மட்டும் வைத்தோ, மண்டையைத் திறந்து அனியூரிஸத்தின் கழுத்தை இறுக்கும் கிளிப் போட்டோ முடிக்கக்கூடிய அனியூரிஸம் வெடித்திருந்தால், ஸ்டென்ட்டையும், ரத்த ஓட்டத்தையே திசைதிருப்பும் ஃப்ளோ டைவர்ட்டரையும் தவிர்க்கும்படி 2023இல் வந்த அமெரிக்க இதய சங்க வழிகாட்டுதல் சொல்கிறது. கழுத்து சற்று அகன்றிருந்தாலும் முதலில் பலூன்தான் கை கொடுக்கும். சுருள் வைக்கும் நேரம் மட்டும் கழுத்தருகே பலூனை விரித்துவிட்டுப் பிறகு எடுத்துவிடலாம். உள்ளே எதுவும் தங்காது. சில சமயம் வெடித்த முனையை மட்டும் சுருளால் பாதுகாத்துவிட்டு, உடம்பு தேறியபின் ஸ்டென்ட்டுடன் மீதியை முடிப்பதும் உண்டு. உங்கள் அப்பாவுக்குக் காயில் மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது. அது நல்ல செய்தி.

ஸ்டென்ட் தவிர வேறு வழியில்லாத அனியூரிஸங்களும் உண்டு. கழுத்தே இல்லாமல் கொப்புளம்போல எழுபவை, குழாயின் சுவரே கிழிந்து உண்டாகுபவை அப்படி. அங்கே அந்தத் துணிவு தேவைதான்.

கிளிப் போடுவது பழைய முறை என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா?

பழையதுதான். அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி 1937லேயே செய்துகாட்டினார். பழையது என்பதற்காகத் தள்ளிவிட முடியாது. இரண்டு முறைக்கும் பொருத்தமான 2143 நோயாளிகளை ஒப்பிட்ட ஐசாட் ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இறந்தவர்கள் அல்லது பிறர் துணையின்றி வாழ முடியாதவர்கள் காயில் தரப்பில் 23.7 சதவீதம், கிளிப் தரப்பில் 30.6 சதவீதம். பிற்காலத்தில் மறுகசிவு காயில் வைத்தவர்களிடம் சற்றே கூடுதல், ஆனால் அரிது. மூளைக்குள் பெரிய ரத்தக்கட்டி சேர்ந்து அழுத்தினால் மண்டையைத் திறந்தே ஆக வேண்டும்; அதே அறுவையில் கிளிப்பும் போட்டுவிடலாம். இரண்டு முறையும் தெரிந்த குழு ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் இடத்தில் சிகிச்சை பெறுவதே நல்லது.

காயில் நன்றாக அமைந்தது, என் கணவர் பேசவும் செய்தார். எட்டாம் நாள் வலது கை தளர்ந்து, பேச்சும் குழறிவிட்டது. சிகிச்சையில் ஏதாவது தவறா?

அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. இதைப் பற்றி முன்கூட்டியே யாராவது உங்களிடம் விளக்கியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். சிந்திய ரத்தம் கரையும்போது மூளை ரத்தக்குழாய்களை எரிச்சலூட்டி இறுகச் செய்கிறது. இது பெரும்பாலும் நான்காம் நாள் தொடங்கி, இரண்டு வாரம் வரை தலைகாட்டும். காயில் எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும் வரும். இதனால்தான் நன்றாகப் பேசும் நோயாளியைக்கூட ஐசியூவிலேயே வைத்திருக்கிறோம்.

நிமோடிபின் மாத்திரை 60 மில்லிகிராம் வீதம் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, 21 நாட்கள் தரப்படும். நள்ளிரவிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், பலன் நிரூபிக்கப்பட்ட மருந்து அது. பக்கவாத அறிகுறி தெரிந்தால் ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்துவார்கள். அது போதாவிட்டால் மறுபடி ஆஞ்சியோகிராம் செய்து, இறுகிய குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்துவார்கள் அல்லது பலூனால் விரிப்பார்கள். விரைவாகக் கவனித்தால் கையும் பேச்சும் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. பக்கத்தில் இருப்பவர் நீங்கள்தான்; புதிய தடுமாற்றம் எதைக் கண்டாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பல் பிடுங்க வேண்டும். மாத்திரைகளை ஒரு வாரம் நிறுத்தலாமா?

கூடாது. நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட்டின்மேல் உட்புறச் சவ்வு படர்வதற்குமுன் மாத்திரையை விட்டால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். குளோபிடோக்ரெல் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். ஆஸ்பிரின் அதற்கப்பாலும் தொடரும், பலருக்கு வாழ்நாள் முழுவதும். மாத்திரை சாப்பிடும்போதே, ஈறில் ரத்தத்தை நிறுத்தும் முறைகளோடு பல் பிடுங்க முடியும். தள்ளிப்போடக்கூடிய பல் என்றால் தள்ளிப்போடுங்கள். பல் மருத்துவரும் உங்கள் சிகிச்சைக் குழுவும் ஒருவரோடு ஒருவர் பேசட்டும்.

காயில் உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கலாமா?

எடுக்கலாம். பிளாட்டினத்தைக் காந்தம் இழுக்காது. இன்றைய ஸ்டென்ட்களும் வழக்கமான எம்ஆர்ஐக்கு ஏற்றவையே. ஆனாலும் ஸ்கேன் செய்பவரிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி தந்த அட்டையைக் காட்டுங்கள். எச்சரிக்கை தேவைப்படுவது பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட சில எஃகுக் கிளிப்புகளுக்குத்தான். ஸ்டென்ட் உள்ள இடம் எம்ஆர்ஐ படத்தில் மங்கலாகத் தெரியலாம் என்பதால் சிலருக்கு மறுபடி ஆஞ்சியோகிராமே கேட்பார்கள். சுருள்கள் நாளடைவில் அமுங்கி, கழுத்தில் மீண்டும் இடைவெளி உண்டாகலாம். அதைக் கண்டறியச் செய்யும் தொடர் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அனியூரிஸம் வெடித்தது. எனக்கும் வருமா?

பெரியவர்களில் நூற்றுக்கு மூவருக்கு வெடிக்காத அனியூரிஸம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என நெருங்கிய உறவில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ இருந்தால் எம்ஆர் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்க்கச் சொல்வோம். உங்கள் அம்மா இந்த நெருங்கிய உறவுக் கணக்கில் நேராக வருகிறார். பெரியம்மா உங்களுக்கு ஒரு படி தள்ளிய உறவு என்றாலும், இரண்டு சகோதரிகளுக்கும் வெடித்த குடும்பம் என்பதால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் வீட்டில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். புகைபிடித்தால் இன்றே விடுங்கள். ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். இவை இரண்டும் உங்கள் கையில் இருப்பவை.