வானத்தைக் காட்டும் மென்பொருளும் உங்க கம்ப்யூட்டரும்: கேள்வி பதில்

குடியாத்தம், பள்ளி ஆசிரியை: பள்ளிக்கூட கம்ப்யூட்டரில், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளைப் போட்டேன். ஓப்பன்ஜிஎல் போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. ஐ3 இரண்டாம் தலைமுறை, விண்டோஸ் 10. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கணுமா?

வேண்டாம் மேடம். ஓப்பன்ஜிஎல் என்பது மென்பொருள் கிராபிக்ஸ் சிப்பிடம் படம் வரையச் சொல்லும் வழி. முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தைப் பாருங்க. "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால், சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருளே ஏறவில்லை. அந்த நிலையில் விண்டோஸ் தருவது பழைய ஓப்பன்ஜிஎல் 1.1 மட்டும்தான், ஸ்டெல்லேரியம் அதில் ஓடாது. விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி பாருங்க.

இன்டெல் எச்டி 3000 அல்லது 2000 என்று காட்டினால் டிரைவர் இருக்கிறது, ஆனால் பழசு. இந்தச் சிப்புக்கு விண்டோஸ் 10க்கென்று இன்டெல் தனி டிரைவர் தரவே இல்லை. அதனால் ஸ்டெல்லேரியத்தில் க்யூடி 5 என்று பெயர் போட்ட பதிப்பை இறக்குங்க. அது ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிள் மோட், மெசா மோட் என்று இரண்டு கூடுதல் ஷார்ட்கட் வைக்கும். ஆங்கிள் முதலில். அது ஓப்பன்ஜிஎல் வேலையை, விண்டோஸின் சொந்த கிராபிக்ஸ் வழியான டைரக்ட்எக்ஸ் மூலம் செய்துவிடும். உங்க சிப்புக்கு அது பழகின பாதை. மெசா எல்லாவற்றையும் சிபியு தலையில் போடும். படம் வரும், ஆனால் திக்கித் திக்கித்தான் நகரும்.

டிரைவரைத் தானே தேடித் தரும் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதையும் போடாதீங்க. தப்பான டிரைவர் ஏறுவது பெரும்பாலும் அதனால்தான்.

ஆம்பூர்: ஸ்டெல்லேரியத்தின் ஊர்ப் பட்டியலில் எங்க ஊர் இல்லை. சென்னையை வைத்தால் போதுமா?

நட்சத்திரம் உச்சிக்கு வரும் நேரம் சுமார் 6 நிமிடம் தள்ளிப்போகும். எஃப்6 அழுத்தி அட்சம் 12.79, தீர்க்கம் 78.72 என்று கையால் போடுங்க. நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா பாருங்க. துருவ நட்சத்திரம் வடக்கே ஏறக்குறைய 13 டிகிரி உயரத்தில் நின்றால் அட்சம் சரி.

ஆற்காடு: எனக்கும் ஓப்பன்ஜிஎல் பிழைதான் வருகிறது.

டிவைஸ் மேனேஜர். மேலே குடியாத்தத்துக்குச் சொன்னதேதான்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஐ5 எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப், 8 ஜிபி ஒரே குச்சி. பால்வீதியைப் போட்டு நகர்த்தினால் தடுமாறுது. செகண்ட் ஹேண்டில் ஜிடி 730, 4 ஜிபி கார்டு கிடைக்குது. வாங்கலாமா அண்ணா?

அந்தக் காசுக்கு இன்னொரு 8 ஜிபி ராம் குச்சி வாங்குங்க தம்பி. ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமில்தான் வாழுது. டிடிஆர்4 2666 ஒரு குச்சி நொடிக்கு 21.3 ஜிபி கடத்தும். இரண்டு குச்சி இரண்டு சானலில், அதாவது சிபியுவுக்குப் போகும் இரண்டு தனிப் பாதையில் நின்றால் 42.6. கடைகளில் சுற்றும் 64 பிட் டிடிஆர்3 ஜிடி 730 கடத்துவது 14.4தான். 4 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பது தொட்டியின் அளவு; குழாய் சன்னம்.

ராணிப்பேட்டை: ஒத்துக்கொள்ள முடியாது சார். ஆன்போர்டு ஆன்போர்டுதான். அந்த 42.6ல் சிபியுவும் பங்கு கேட்குமே? தனி கார்டின் மெமரி முழுக்க அதற்கே.

பங்கு கேட்கும், அது சரி. ஆனால் ஸ்டெல்லேரியம் ஓடும்போது சிபியு பாதியைத் தின்பதில்லை. மூன்றில் ஒரு பங்கை எடுத்தால்கூட 28 மிச்சம், 14.4ஐப் போல இரண்டு மடங்கு.

ராணிப்பேட்டை: அப்போ வேகமான ஜிடிடிஆர்5 மெமரி போட்ட 730?

அது 40 தரும், வேறு சாமான். இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டு விற்பதுதான் வினை. வாங்கும் முன் கடையிலேயே, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-ஸெட் மென்பொருளை ஓட்டி, மெமரி டைப் என்ற வரியைப் படிங்க. ரிச்சி தெருவானாலும் உள்ளூர் கடையானாலும் இதைச் செய்யாமல் காசு கொடுக்காதீங்க. பழைய சிப்பின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் கார்டையும் அதே மென்பொருள் போலி என்று காட்டும். இன்னொன்று: கெப்லர் என்ற பழைய தலைமுறைச் சிப் போட்ட 730க்கு என்விடியா 2021லேயே புது அம்ச டிரைவரை நிறுத்திவிட்டது. இன்று அதில் காசு போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்டுதான் வேண்டும் என்றால் ஜிடிஎக்ஸ் 1650 பாருங்க. 75 வாட் மாடலுக்குத் தனி பவர் ஒயர் வேண்டாம். கேபினெட் ஸ்லிம் என்றால் லோ புரொஃபைல் என்ற குட்டையான கார்டுதான் உள்ளே போகும், அளந்துவிட்டு வாங்குங்க.

காட்பாடி: குச்சி போட்ட பிறகு டூயல் சானல் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

சிபியு-ஸெட் என்ற மென்பொருளில், மெமரி பக்கம், சானல் என்ற இடத்தில் டூயல் என்றோ, புதுப் பதிப்பானால் 2 x 64-bit என்றோ வரணும். மதர்போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் அடுத்தடுத்துச் செருகாதீங்க, ஒன்று விட்டு ஒன்று.

வேலூர், சத்துவாச்சாரி: லேப்டாப்பில் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இழுக்குது. மே மாசம் வந்தால் இன்னும் மோசம்.

சூடு. அறையே 38, 40 டிகிரியில் இருந்தால் ஃபேன் உள்ளே இழுப்பதும் அனல் காற்றுதான். சிப் தன் சூட்டு எல்லையைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஸ்டெல்லேரியத்தை மூடிவிட்டு கான்ஃபிக் கோப்பின் வீடியோ பகுதியில் மேக்ஸிமம் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வரையணும்) என்ற மதிப்பை 30 ஆக்குங்க. வானம் மெதுவாக நகர்வது. 30க்கு மேல் தேவையில்லை. மெத்தையில் வைத்து ஓட்டாதீங்க, ஃபேன் தூசியைத் தட்டுங்க.

திருவண்ணாமலை: விண்வெளியில் பறந்து பார்க்கும் ஸ்பேஸ் எஞ்சின் மென்பொருள் என் ஆன்போர்டு கிராபிக்ஸில் ஓடுமா?

நிம்மதியாக ஓடாது. தனி கார்டு வேண்டும். அதுவரை அதே மாதிரியான செலெஸ்டியா மென்பொருளைப் போட்டுப் பாருங்க, பழைய சிப்பிலும் நடக்கும்.

வாணியம்பாடி: காவலூர் தொலைநோக்கியை எப்போ போய்ப் பார்க்கலாம்?

அது இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கையில். அவர்கள் இணையதளத்தில் பாருங்க.

பேரணாம்பட்டு: ஓப்பன்ஜிஎல் பிழை வருது, கார்டு வாங்கணுமா?

டிவைஸ் மேனேஜரைத் திறக்காமல் எதையும் வாங்காதீங்க. அங்கே என்ன பெயர் இருக்கிறதோ, அதை அப்படியே எழுதி அனுப்புங்க; அதற்குப் பிறகு பேசலாம்.