மறுபடி படிக்க உட்காரும் முன்

கேள்வி: தொழில்தகுதித் தேர்வில் மூன்றாவது முறையாகத் தோற்றுவிட்டேன். தினமும் ஆறு மணி நேரம் படித்தேன். இப்போது புத்தகத்தைத் தொட்டாலே அழுகை வருகிறது. தொடர்வதா, விட்டுவிடுவதா?

பதில்: அந்த முடிவை இந்த வாரம் எடுக்க வேண்டாம். முதலில் மனதில் இருப்பதைக் கொட்டுங்கள். தினம் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், நடந்ததையும் அது உங்களை என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வின் முறை இது. எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனக்கலாம், பயப்படாதீர்கள். தாங்கவே முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து விடைத்தாள். அது கையில் கிடைக்காவிட்டால் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதித் திருத்துங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் காரணத்தைக் குறியுங்கள்: பாடமே தெரியாதா, படித்தும் நினைவுக்கு வரவில்லையா, தெரிந்தும் அவசரத்தில் பிசகியதா? தெரியாத பாடத்தைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். அவசரப் பிசகுக்கு மேலும் படித்துப் பயனில்லை, நேரம் வைத்து எழுதிப் பழகுவதுதான் வழி.

ஆறு மணி நேரம் படித்தும் தோற்பவர்களுக்குப் பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான், அதாவது படித்தும் நினைவுக்கு வராததுதான் சிக்கல். திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்த மாணவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் எழுதுங்கள். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என மறுபடி எழுதுங்கள். முதல் சில நாள் பாதித் தாள்கூட நிரம்பாது. அங்கேதான் பலர் மனம் தளர்ந்து பழையபடி வாசிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். திணறித் தேடும்போதுதான் பாடம் பதிகிறது, விட்டுவிடாதீர்கள்.

ஆறு வாரம் இப்படிச் செய்து இன்னொரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். மதிப்பெண் ஏறினால் தொடருங்கள். முறையை மாற்றியும் அசையவில்லை என்றால், வேறு வழி தேடுவதில் எந்த அவமானமும் இல்லை. ‘இத்தனை வருஷம் போட்டாச்சே’ என்பதை மட்டும் தொடர்வதற்குக் காரணமாக வைக்காதீர்கள்.

கேள்வி: தேர்வில் தோற்றதிலிருந்து தம்பி யாரோடும் பேசுவதில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: அதிகம் பேசாதீர்கள். ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று முதல் நாளே சொன்னால், அவர் வலியை நீங்கள் தள்ளிவிடுவதாகத் தோன்றும். ‘கஷ்டமாத்தான் இருக்கும்’ என்று சொல்லிப் பக்கத்தில் இருங்கள். அடுத்தவர் பிள்ளையோடு ஒப்பிடும் பேச்சு வீட்டில் எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே போங்கள், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.