நேற்றுவரை உடன் தைத்தவர்களை இன்று வேலை வாங்குவது எப்படி?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஓவர்லாக் (துணியோரத்தை நூல் பிரியாமல் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக இருந்து, அண்மையில் லைன் சூப்பர்வைசராக, அதாவது ஓர் ஆடையைப் பகுதி பகுதியாகத் தைக்கும் மெஷின் வரிசையின் மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு பெற்ற வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயதிலும் அனுபவத்திலும் மூத்த டெய்லர்கள் தம் சொல்லைக் காதில் வாங்குவதில்லை. டி-ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப் (கழுத்தோரத்தில் வைக்கும் இழுவைத் துணிப் பட்டை) வைக்கும் அக்கா ஒருவரிடமிருந்தே ஆல்ட்ரேஷன், அதாவது பிழைக்காகத் திரும்பி வரும் பீஸ், அதிகம் வருகிறது. மணிக்கணக்கு எண்ணிக்கை குறைந்தால் புரொடக்ஷன் மேனேஜர் சத்தம் போடுகிறார், அந்தச் சத்தத்தைத் தாமும் லைனில் போட வேண்டியதாகிறது. கண்டிப்பாக இருப்பதா, பழையபடி பழகுவதா என்பது அவர் கேள்வி.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது அந்தக் கழுத்து ரிப்பைத்தான். ஒரு மணி நேரத்தில் 60 உருப்படி வர வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலையும் 60 நொடிக்குள் முடிய வேண்டும். ரிப் வைக்க 75 நொடி ஆகுமானால், மற்றவர்கள் எவ்வளவு விரைவாகத் தைத்தாலும் லைனிலிருந்து மணிக்கு 48 உருப்படிதான் வெளிவரும். அவருக்குப் பின்னால் கை ஏற்றுபவரும் பக்கத் தையல் போடுபவரும் வேலையின்றிக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டால், தம் மீது பிழையில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால், உங்கள் மீதான மதிப்புதான் குறையும். ஆகவே கடிகாரத்துடன் ஒவ்வொரு மெஷின் அருகிலும் சில நிமிடம் நின்று, எந்த இடத்தில் பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) குவிகிறது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக நேரம் பார்க்கிறீர்கள் என்பதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றால் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு மதியச் சாப்பாட்டுக்குள் பரவிவிடும்.

அந்த அக்காவிடம் பேசுவதற்கு முன் அவர் தைத்த துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து சுருங்கி நிற்கிறதா? ரிப் வெட்டும்போதே அளவு குறைந்திருந்தால், அதை இழுத்துப் பிடித்துத்தான் வைக்க முடியும்; அப்படி வைத்தால் சுருக்கம் விழவே செய்யும். தையலோரம் சிறு துளைகள் தெரிந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கலாம். பண்டலில் அளவுகள் கலந்து வந்தாலும், கைமடி (டெய்லருக்கு உதவியாக நிற்பவர்) ரிப்பைத் திருப்பி அடுக்கித் தந்தாலும் பழி கடைசியில் டெய்லர் தலையில்தான் விழுகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டு, கட்டிங் பிரிவிலோ மெக்கானிக்கிடமோ சொல்லி நீங்கள் சரிசெய்து கொடுத்தால், உங்கள் சொல்லைக் கேட்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கும் இதே சிக்கல் வந்தது. அனுபவசாலிகள் படைக்குப் போய்விட, மேற்பார்வை தெரியாதவர்கள் திடீரென்று மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். அவர்களுக்காக 1940-இல் தொடங்கி 1945 வரை அரசு ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. போருக்குப் பின் அது ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கும் சென்றது. ஆள் தொடர்பான சிக்கல் வந்தால் முதலில் நடந்ததை முழுமையாகத் தெரிந்துகொள், பிறகு எடைபோட்டு முடிவுசெய், அதன்பின் செயல்படு, கடைசியாக விளைவைச் சரிபார் என்று அது கற்பித்தது. நம் லைன்களில் பெரும்பாலும் மூன்றாவது படியிலிருந்துதான் தொடங்குகிறோம். நல்லுறவுக்கு அது சொன்ன அடிப்படைகளும் எளியவை: ஒருவர் வேலை எப்படி இருக்கிறது என்பதை அவருக்கே சொல்வது, நன்றாகச் செய்தால் உரிய நேரத்தில் பாராட்டுவது, அவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவிப்பது, ஒவ்வொருவரின் திறமையையும் முழுமையாகப் பயன்படுத்துவது.

இவற்றில் முன்கூட்டித் தெரிவிப்பதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். இன்று ஒன்றரை ஷிப்ட் என்று மாலை ஐந்து மணிக்குச் சொன்னால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய ஒரு தாய் என்ன செய்வார்? காலையிலேயே சொல்லியிருந்தால் அவர் ஏற்பாடு செய்திருப்பார், அல்லது முடியாது என்று அப்போதே சொல்லியிருப்பார். நீங்களும் மாற்று ஆளைப் பார்த்திருக்கலாம். கடைசி நேரத்தில் சொல்லிவிட்டு, மறுப்பவரை ஒத்துழைக்காதவர் என்று எழுதுவது நியாயமாகாது. லைனில் புதிய ஸ்டைல் (ஆடை வடிவம்) ஏறும்போது மெஷின்களின் வரிசை மாறும் என்பதையும் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

அக்கா, அண்ணா என்று அழைப்பதை நிறுத்தச் சொல்லி உங்களுக்கு யாரேனும் அறிவுரை கூறியிருந்தால், அதைப் பொருட்படுத்தாதீர்கள். மூத்தவரை மரியாதையுடன் அழைத்துக்கொண்டே, "அக்கா, இந்த பண்டலில் ஆறு பீஸ் திரும்ப வந்திருக்கிறது, வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று தெளிவாகச் சொல்ல முடியும். குறையை மெஷின்களுக்கு நடுவே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லாமல், செக்கிங் மேஜையருகே துணியைக் கையில் வைத்துக்கொண்டு தனியே சொல்லுங்கள். பழைய தோழிகளுடன் டீ குடிப்பதிலும் தவறில்லை. ஆனால் எளிய வேலை யாருக்குப் போகிறது, பெர்மிஷன் யாருக்குக் கிடைக்கிறது என்பதை லைன் முழுவதும் கணக்கு வைத்திருக்கும். அதை நீங்களும் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் லைனில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கக்கூடும். மொழி தெரியாதவரிடம் குரலை உயர்த்துவதால் பயனில்லை. மெதுவாக ஒருமுறை தைத்துக் காட்டி, அவரைத் தைக்கச் சொல்லி, எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதை அவரையே காட்டச் சொன்னால், புரிந்ததா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்களே பேசித் தீர்க்க முயல வேண்டாம். பெண் ஒருவர் பாலியல் தொல்லை பற்றி உங்களிடம் சொன்னால், சமாதானம் செய்து அனுப்பிவிடாமல், நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் புகார் அளிக்க அவருக்கு உதவுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குழு இருந்தாக வேண்டும்.

மேனேஜரின் சத்தத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய நேரக் கணக்கு அவரிடம்தான் மிகவும் பயன்படும். "ஆட்கள் ஒத்துழைப்பதில்லை" என்றால் அவர் உங்களைத்தான் குறை சொல்வார். "ரிப் வைக்கும் இடத்தில் 75 நொடி ஆகிறது, அங்கே இன்னொரு ஓவர்லாக் போட்டால் மணிக்கு 60 உருப்படி எட்டலாம்" என்றால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் திங்கட்கிழமை ஆள் குறைவது இங்கே எல்லோரும் அறிந்ததே. ஆகவே அன்றைக்கு மட்டுமாவது பல வேலையும் தெரிந்த ஒரு டெய்லரை உங்கள் லைனுக்கு ஒதுக்கித் தரும்படியும், அன்றைய இலக்கை வந்த ஆட்களைக் கொண்டு கணக்கிடும்படியும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.