'இன்பாக்ஸ் கேரண்டி'க்கு 800 வெள்ளி தர வேண்டுமா?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் துணைப்பாட நிலையம் நடத்தும் ஒரு வாசகர் வீட்டு ஃபைபர் இணைப்பிலேயே மெயில் சர்வர் (மின்னஞ்சல் அனுப்பும் சொந்தக் கணினி) வைத்திருக்கிறார். பெற்றோருக்கு அனுப்பும் கட்டண ரசீதுகள் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகின்றன, இல்லையென்றால் திரும்பி வருகின்றன. 800 வெள்ளிக்கு 'இன்பாக்ஸ் கேரண்டி', அதாவது மெயில் ஸ்பேமுக்குப் போகாது என்ற உத்தரவாதம், தருவதாக ஒருவர் சொல்கிறாராம், கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அடுத்தவர் இன்பாக்ஸுக்கு யாராலும் கேரண்டி தர முடியாது. ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் தடைப்பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துத் தருகிறேன் என்பார்கள். அப்படிப் பட்டியல் வைத்திருக்கும் ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு அதற்குக் காசே வாங்குவதில்லை, நீங்களே படிவம் நிரப்பலாம். அந்தப் படிவத்தை நிரப்பத்தான் இந்த ஆள் 800 வெள்ளி கேட்கிறார்.

உங்கள் சர்வரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, இணைப்புதான் சிக்கல். வீட்டு ஐபி முகவரிகள் (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) பெரும்பாலும் ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் இருக்கும். நீங்கள் குற்றம் செய்ததாக அர்த்தமில்லை, அங்கிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்பதுதான் அதன் பொருள். இன்னொன்று பிடிஆர் பதிவு, ஐபி எண் எந்தப் பெயருக்குரியது என்று சொல்வது: ஐபியைக் கேட்டால் சர்வரின் பெயர் வர வேண்டும், பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். பிடிஆரை மாற்றும் உரிமை டொமைன் (இணையப் பெயர்) விற்றவரிடம் இல்லை, ஐபி கொடுத்த இணைய நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்களை அழைத்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள், அந்த வேதனையை விடுங்கள். மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இயங்கும் வாடகை சர்வர்) எடுத்து மெயில் சர்வரை அங்கே மாற்றுங்கள். பணம் கட்டுமுன், மெயில் வெளியே போகும் வழியான 25ஆம் போர்ட்டைத் திறந்துவிடுவார்களா என்று கேளுங்கள். ஐபி கைக்கு வந்ததும் அது ஏதாவது தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேறு கேளுங்கள். பிறகு அதற்குப் பிடிஆர் வையுங்கள்.

அப்புறம் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவுபவை. மூன்றும் டிஎன்எஸில் (உங்கள் டொமைனின் விவரப் பதிவேடு) சேர்க்கும் வரிகள்தான், டிகிமுக்கு மட்டும் சர்வரிலும் கொஞ்சம் வேலை உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த கூகலின் கடுமையான விதிகளைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள், அவை ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 மெயில் அனுப்புகிறவர்களுக்கு. உங்களுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்று இருந்தாலே போதும் என்றுதான் விதி, ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஜிமெயில் மட்டும் திருப்பி அனுப்புகிறதா? ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6-ஐப் பாருங்கள். விபிஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் இரண்டு முகவரிகள் இருக்கும், நீங்கள் பழைய ஐபிவி4-க்கு மட்டும் பிடிஆர் வைத்திருப்பீர்கள், சர்வரோ உங்களைக் கேட்காமல் புதிய முகவரி வழியாக அனுப்பும், அதற்குப் பிடிஆர் இல்லையென்று கூகல் கதவைச் சாத்தும். அதற்கும் பிடிஆர் வையுங்கள், இல்லையென்றால் ஐபிவி4-இல் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஒரே வரி மாற்றம். இதற்கும் தனிக் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்!

கடைசியில் உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு ரசீது அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் பாஸ் என்று வந்தும் ஸ்பேமில் விழுந்தால், பெற்றோர் சிலரிடம் 'நாட் ஸ்பேம்' அழுத்தச் சொல்லிக் கேளுங்கள்.