குளிர்காலமும் பெருந்தொற்றும்: சிற்றூர் வாசகர்களின் கேள்விகளுக்கு ஒரு மருத்துவரின் பதில்கள்

சிறிய ஊர்களின் மருத்துவமனைகளிலும், பிறகு பொதுச் சுகாதாரப் பணியிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். கொரோனாத் தொற்று நம்மிடையே வந்த பிறகு நாம் முழுமையாகக் கடக்கும் முதல் குளிர்காலம் இது. 2021 ஜனவரியின் இந்த வாரத்தில் வந்த கேள்விகளுள் என் துறைக்கு உட்பட்டவற்றுக்கு விரிவாகவும், ஏனையவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கோடையில் எங்கள் ஊரில் ஓரிருவருக்கே நோய் வந்தது. குளிர் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு வீடு பரவுகிறது. குளிரால்தான் நோய் வருகிறதா, ஐயா?

குளிரில் கிருமி உண்டாவதில்லை. குளிருக்கு அஞ்சி நாம் சன்னல்களை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் பலராகக் கூடியிருக்கிறோம். நோய்க்கு வேண்டியது அதுதான். பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து வெளிப்படும் நீர்த்துளிகளில் பெரியவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணியவை புகையைப் போல நெடுநேரம் காற்றில் மிதக்கும். திறந்த வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும், அடைத்த அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும். குளிர்ந்த காற்றைச் சூடாக்கினால் அது மிகவும் உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த காற்றில் துளிகள் விரைவில் வற்றிச் சிறுத்து இன்னும் அதிக நேரம் மிதக்கின்றன. மூக்கின் உட்புறச் சவ்வும் காய்ந்துபோவதால், கிருமியைச் சளியோடு வெளியே தள்ளும் அதன் ஆற்றலும் குறைகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் என்னும் சிற்றூர்ப் பகுதியில் 2020 மார்ச் 10ஆம் நாள் ஒரு பாடகர் குழுவைச் சேர்ந்த 61 பேர் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஒரு கூடத்தில் பாடிப் பயிற்சி செய்தார்கள். கைகளைச் சுத்தம் செய்துகொண்டார்கள், கைகுலுக்குவதைத் தவிர்த்தார்கள். அவர்களில் ஒருவருக்குச் சளிக்கான அறிகுறிகள் இருந்தன. அவரையும் சேர்த்து 53 பேர் நோயுற்றார்கள், அவர்களில் 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, இருவர் இறந்தார்கள். கவனக்குறைவானவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. அவர்கள் கைகளைக் காத்துக்கொண்டார்கள், காற்றைப் பற்றி அப்போது யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பொருள்களைத் துடைப்பதற்குச் செலவிடும் அக்கறையில் பாதியையேனும் சன்னலுக்குக் கொடுங்கள் என்று இன்று முழுவதும் சொல்லப்போகிறேன்.

கேள்வி: தொழிற்கடனுக்குத் தவணை தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாமா? வட்டி கூடுமா?

இது என் துறை அன்று. கடன் கொடுத்த வங்கியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். கையெழுத்திடும் முன் ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 78 வயது. நோய் உறுதியாகி நான்கு நாள்கள் ஆகின்றன; நன்றாகத்தான் இருக்கிறார். ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். எப்போது கிளம்புவது?

இன்று வந்தவற்றுள் மிக முக்கியமான கேள்வி இது. பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். முதல் அறிகுறி தோன்றிய நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து எண்ணுங்கள். முதல் ஐந்தாறு நாள்கள் சாதாரணக் காய்ச்சலைப் போலக் கடந்துவிட்டு, ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் நுரையீரல் பாதிக்கப்படுவதை இந்நோயில் அடிக்கடி காண்கிறோம். மூச்சுத் திணறலே தெரியாமல் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துபோவதும் உண்டு. நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், ஆக்சிஜன் அளவி 85 சதவீதம் காட்டும்.

ஆகவே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று முறை, சில நிமிடங்கள் அமைதியாக உட்கார்ந்த பிறகு, எண் நிலைபெறும்வரை பொறுத்திருந்து எழுதி வையுங்கள். 94க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 90க்குக் கீழே என்றால் அது அவசர நிலை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவர் இவ்விரண்டு எண்களுக்கும் இடையில் சற்றுப் பொறுத்திருந்து பார்க்கலாம். பனி பெய்யும் இரவில் இரண்டு மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய நீங்கள் பொறுத்திருக்கக் கூடாது. வண்டி யாருடையது, ஓட்டுபவர் யார் என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சில் அழுத்தம் இருந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ எண்ணைப் பார்க்காமலே புறப்படுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குளிர்ந்த விரலில் அளவு தவறாகக் குறைந்து காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டுப் பாருங்கள். கருமையான தோலில் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். கறுப்பின நோயாளிகளிடம் மறைந்திருந்த ஆக்சிஜன் குறைவை இக்கருவி வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை அமெரிக்க ஆய்வொன்று 2020 டிசம்பரில் காட்டியது. நம்மவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் நம்பாமல், அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

தெரிந்தவர் சொன்னார் என்று வீட்டிலேயே ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்காதீர்கள். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 ஜூனில் சொன்னது என்னவென்றால், டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெறுபவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைக்கிறது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை.

கேள்வி: தினமும் ஆவி பிடித்தால் கிருமி செத்துவிடுமா?

சாகாது. அடைத்த மூக்குக்குச் சிறிது இதமாக இருக்கும், அவ்வளவே. கொதிநீர்ப் பாத்திரம் சரிந்து முகமும் மடியும் வெந்துபோன குழந்தைகளுக்கு நான் மருத்துவம் பார்த்திருக்கிறேன். ஆகையால் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நான் சிறிய உணவகம் நடத்துகிறேன். உங்களைப் போன்றவர்கள் மூடு, மூடு என்கிறீர்கள். நோயில் சாவதைவிடப் பசியில் சாவது மேலா? கடையை மூடச் சொன்ன உத்தரவுதான் எங்கள் ஊரைக் கொன்றது.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் உத்தரவுதான் வணிகத்தை அழித்தது என்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவில் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு சிகாகோப் பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்களான ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சைவர்சனும் 2020இல் ஆராய்ந்தபோது, கடைகளுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 60 சதவீதப் புள்ளிகள் சரிந்ததையும், அதில் 7 மட்டுமே சட்டக் கட்டுப்பாடுகளால் விளைந்தது என்பதையும் கண்டார்கள். எஞ்சியது மக்கள் தாமாகவே அஞ்சி விலகியதால் வந்தது. நாளை உத்தரவை நீக்கினாலும், அச்சம் தீராதவரை உங்கள் மேசைகள் நிரம்பமாட்டா.

அதே உணவக உரிமையாளர்: அது பெருநகரத்தாரின் கணக்கு. சிற்றூரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நோய் உள்ளவர் வரமாட்டார்.

நோய் உள்ளவருக்கே அது தெரியாது என்பதுதான் சிக்கல். அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் பிறருக்குப் பரப்பக்கூடும்.

ஓர் ஆசிரியை: உணவக நண்பருக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். என் தாய் இறந்தபோது மருத்துவமனையில் படுக்கை இல்லை. ஒரு மாதம் மூடியிருந்தால் இன்று அவர் இருந்திருப்பார். 1918இன் இன்ஃப்ளுயன்சாப் பெருந்தொற்றில் மூடிய ஊர்கள் பிழைத்தன என்று படித்திருக்கிறேன்.

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அம்மா. 1918 பற்றி நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவ்வாண்டு செப்டம்பர் 28இல் போர்க்கடன் பத்திர ஊர்வலத்துக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கூடினார்கள்; சில நாள்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸில் சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப், நோய் பரவத் தொடங்கியதுமே அக்டோபர் முதல் வாரத்தில் பள்ளிகளையும் அரங்குகளையும் மூடவைத்தார். இறப்பு உச்சத்தில் இருந்த வாரங்களை ஒப்பிட்டால், செயின்ட் லூயிஸின் விகிதம் பிலடெல்பியாவுடையதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. எனினும் நவம்பரில் அவ்வூரும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, நோய் மீண்டும் ஏறியது. முந்தி மூடியதும் விரைந்து திறந்ததும் இரண்டுமே பாடங்கள்.

உணவக உரிமையாளர்: மறுபடியும் பெருநகரங்கள்!

சரி, சிற்றூரையே எடுத்துக்கொள்வோம். கொலராடோ மலைகளில் உள்ள கன்னிசன் என்னும் ஊர் அதே குளிர்காலத்தில் சாலைகளில் தடுப்புகள் வைத்தது. இரயிலில் வந்து இறங்கியவர்களைத் தனிமைப்படுத்தியது. பிப்ரவரிவரை அப்படியே இருந்து, நோயிலிருந்து ஏறக்குறைய முழுமையாகத் தப்பியது. ஆனால் அன்றைய மலையூர் செய்ததை இன்றைய ஊர் செய்ய முடியாது என்பதை உங்கள் பக்கத்து நியாயமாகவே ஒப்புக்கொள்கிறேன். இன்று நம் மருந்தும் உணவும் நாள்தோறும் வெளியிலிருந்து லாரியில் வருகின்றன. பலரும் வேலைக்கு வேறூர் செல்கிறார்கள். எனவே முழுதாக மூடு என்று நான் சொல்லவில்லை. அடைத்த அறையில் முகக்கவசமின்றி நெடுநேரம் கூடும் இடங்களை நோய் ஏறும் வாரங்களில் நிறுத்திவைத்து, அப்படி நிறுத்தச் சொல்லும் அரசே அவ்விடங்களை நடத்துபவர்களின் வாடகைக்கும் ஊழியரின் ஊதியத்துக்கும் ஈடு தர வேண்டும் என்கிறேன். ஈடு தராமல் மூடச் சொல்வது, ஊர் முழுவதற்குமான பாதுகாப்பின் விலையைச் சில குடும்பங்களிடம் மட்டும் வசூலிப்பதாகும். இதில் நானும் நீங்களும் ஒரே பக்கம்தான்.

கேள்வி: ஆவி பிடிக்கும்போது மூலிகை சேர்த்தால்?

மேலே சொன்ன பதிலே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: பெருநகரங்களில் தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டார்கள். சிற்றூர்களைப் புறக்கணிக்கும் அரசியலா இது?

அரசியல் இருக்கலாம்; ஆனால் முதல் காரணம் குளிர்பதனப் பெட்டி. 2021 ஜனவரி நிலவரப்படி, ஃபைசர் தடுப்பூசியை மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்க வேண்டும். சாதாரணக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால் ஐந்து நாள்களே தாங்கும். அது 195 குப்பிகள் கொண்ட தட்டுகளில் வருகிறது. குப்பிக்கு ஐந்து பேர் என்று கணக்கிட்டால் 975 ஊசிகள். இருபது ஊழியர்கள் உள்ள மருத்துவமனை ஐந்து நாளில் அவ்வளவு பேரைத் திரட்டி ஊசி போட முடியுமா? மாடர்னா தடுப்பூசிக்கு மைனஸ் 20 போதும்; சாதாரணக் குளிர்பதனத்தில் 30 நாள் இருக்கும். பிரிட்டன் 2020 டிசம்பர் 30இல் அனுமதித்த ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம். சிற்றூர்களுக்கு இவை ஏற்றவை. உங்கள் உள்ளாட்சியிடம் ‘எங்கள் பங்கு எங்கே’ என்று மட்டும் கேட்காமல், ‘எந்தத் தடுப்பூசி வருகிறது, அதை எங்கே வைப்பீர்கள், மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு’ என்றும் கேளுங்கள்.

கேள்வி: தடுப்பூசி மரபணுவை மாற்றிவிடுமா?

மாற்றாது. ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் உள்ள எம்ஆர்என்ஏ என்னும் செய்தி மூலக்கூறு உயிரணுவின் கருவுக்குள் நுழைவதில்லை. வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.

கேள்வி: முகக்கவசம் அணிந்தால் ஒரு கட்சி, அணியாவிட்டால் மறு கட்சி என்று ஊரே பிரிந்துவிட்டது. முன்பெல்லாம் இப்படி இல்லையே?

முன்பும் இருந்தது. 1919 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் முகக்கவச எதிர்ப்புக் கழகம் என்றே ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பிப்ரவரி முதல் நாளில் உத்தரவு நீங்கியது. எந்தக் கட்சி சரி என்று நான் எழுதப்போவதில்லை. சிற்றூரில் மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர் மருந்துக் கடைக்காரராகவோ, பள்ளித் தலைமையாசிரியராகவோ இருப்பார். மேடையிலிருந்து வரும் உத்தரவைக் கேளாதவர்கள் அவர் அணிந்தால் அணிவார்கள்.

கேள்வி: வகுப்பறைச் சன்னலைத் திறந்தால் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். என்ன செய்வது?

முழுதாகத் திறந்து வைக்க வேண்டியதில்லை. எதிரெதிர்ச் சன்னல்களைச் சிறிதளவு எப்போதும் திறந்து வைத்து, பாடவேளைகளுக்கு இடையில் சில நிமிடங்கள் அகலத் திறங்கள். வெளியில் உள்ள காற்றும் உள்ளே உள்ள காற்றும் வெவ்வேறு வெப்பநிலையில் இருப்பதால் குளிர்காலத்தில் காற்று விரைவாக மாறும். சுவர்களின் சூடு அதற்குள் போய்விடாது. கார்பன் டை ஆக்சைடு அளவி ஒன்றைப் பள்ளி வாங்கட்டும். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்குக்குச் சற்று மேல் இருக்கும்; வகுப்பில் 1,000ஐத் தாண்டினால், பிறர் விட்ட மூச்சைப் பிள்ளைகள் நிறையவே சுவாசிக்கிறார்கள் என்று பொருள். நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஆவி பிடிப்பது பற்றி...

இக்கேள்விக்கு இனிப் பதில் எழுதமாட்டேன். சன்னலைத் திறங்கள்.

ஒரு செவிலியர்: எங்கள் மருத்துவமனையில் படுக்கைகள் காலியாக இருப்பதால் ஊரார் அச்சமின்றி இருக்கிறார்கள். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

நீங்கள் அஞ்சுவது சரி. இன்று நோய் தொற்றியவருக்கு அறிகுறி தோன்ற ஏறத்தாழ ஐந்து நாள். அவர் மருத்துவமனைக்கு வர மேலும் ஒரு வாரம். இன்றைய காலிப் படுக்கை இரண்டு வாரத்துக்கு முந்தைய ஊரின் நிலையைக் காட்டுகிறது. மேலும், படுக்கைக்கு அருகில் நிற்க ஆள் இல்லாவிட்டால் அது வெறும் கட்டில். ஆறு செவிலியரில் இருவர் நோயுற்றால் மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை மூடப்பட்டதற்குச் சமம். புதிதாக நோய் உறுதியானவர்களின் எண்ணிக்கையையும், பணிக்கு வர இயலாத ஊழியரின் எண்ணிக்கையையும் நாள்தோறும் ஊர்ப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

உணவக உரிமையாளர்: ஐயா, சண்டை போட எனக்கும் விருப்பமில்லை. இந்த மாதம் பொட்டலம் கட்டிக் கொடுப்பதோடு, சன்னலோரம் மூன்று மேசைகளை மட்டும் போடுகிறேன். சன்னலைத் திறந்தால் குளிரும்; நடுவில் கரி அடுப்பு வைக்கலாமா?

உங்கள் திட்டம் நல்லது. கரி அடுப்பு மட்டும் வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. யாரேனும் குளிர் தாங்காமல் சன்னலைச் சாத்திவிட்டால், முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு மயக்கம் என்று வரும். அதை எல்லோரும் கொரோனா என்றே நினைப்பார்கள். ஆக்சிமீட்டரும் அந்த வாயு கலந்த இரத்தத்தைப் பிரித்தறியாமல் நல்ல எண்ணையே காட்டும். மின்சார வெப்பமூட்டியை வையுங்கள். மேல்சட்டையோடு உட்காரும்படி வாடிக்கையாளர்களிடம் சொல்லுங்கள். மேசைகளைச் சன்னல்களுக்கு நேரே போடாமல் சற்றுத் தள்ளிப் போட்டால் குளிர்காற்று முகத்தில் அடிக்காது.